கறந்த சூட்டோடு ஒரு ஸ்கேன்!

ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் நியூரோ எண்டோகிரைன் கட்டிகளைக் காட்டிக்கொடுக்கும் மருந்தை வாங்கி அலமாரியில் அடுக்க முடியாது. காலையில் பிறக்கும், மாலைக்குள் காணாமல் போகும். அதோடு போட்டி போட்டு ஓடுகிறவர்கள் பின்னாலேயே நாமும் ஓடிப் பார்க்கலாமா?

பெரிய மருத்துவமனைகளில் நியூக்ளியர் மெடிசின் துறையைக் கண்டுபிடிப்பதற்கே தனித் திறமை வேண்டும். லிஃப்டில் கீழே இறங்கி, கேன்டீன் வாசனையைத் தாண்டி, ஸ்ட்ரெச்சர்கள் ஒதுக்கி நிறுத்தியிருக்கும் நடைபாதையின் கடைசி வரை போனால், மஞ்சள் பலகையில் மூன்று இதழ் கதிரியக்கச் சின்னம் தென்படும். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். இந்த ஸ்கேன் நடக்கிற இடங்களில் காலை நேரப் பரபரப்பு ஏறத்தாழ ஒன்றுதான்.

நோயாளிக்குக் காத்திருக்கும் அறை தெரியும், ஸ்கேன் மெஷின் தெரியும். இரண்டுக்கும் நடுவே அவர் கண்ணில் படாமல் ஒரு கனத்த கதவு இருக்கிறது. அதன் பெயர் ஹாட் லேப். நமக்கு இன்றைக்கு அதுதான் வேண்டும்! மார்பில், கதிரியக்கத்தை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் குத்தியாச்சா? விரலில் மோதிர பேட்ஜ்? காலில் ஷூ கவர்? வாங்க, உள்ளே போவோம்.

முதல் வேலை, மாட்டைக் கறப்பது!

சினிமாவில் வருகிற ஆராய்ச்சிக்கூடத்தை எதிர்பார்த்து வந்திருந்தால் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஈயக் கற்கள் அடுக்கிய மேடை, ஈயக் கண்ணாடி பொருத்திய தடுப்பு, டங்ஸ்டன் உறை மாட்டிய சிரிஞ்சுகள், ஓயாமல் டிக் டிக்கென்று பேசிக்கொண்டே இருக்கும் சர்வே மீட்டர். மூலையில், ஈயக் கவசத்துக்குள் ஒரு ஜெனரேட்டர். கரன்ட் போனால் ஓடுகிற ஜெனரேட்டர் இல்லை. இது ஸ்கேன் மருந்துக்கு வேண்டிய கதிரியக்கக் கேலியம் தருவது. இந்தத் துறைக்காரர்கள் பேச்சில் இது 'மாடு'. கதிரியக்க மருந்து தயாரிக்கும் ரேடியோஃபார்மசிஸ்ட் காலையில் வந்ததும் மாட்டைக் கறக்க வேண்டும்!

மாட்டின் வயிற்றில் டைட்டானியம் டை ஆக்ஸைடு நிரப்பிய சின்னக் குழாய் ஒன்று. அதில் ஜெர்மேனியம்-68 ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் அரை ஆயுள் 271 நாள். அவசரமே இல்லாமல், அணு அணுவாக, அது கேலியம்-68 ஆக மாறிக்கொண்டிருக்கிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு முனையில் செலுத்தினால் மறுமுனையில் கேலியம் கரைந்து வெளியே வரும். ஜெர்மேனியம் இடத்தை விட்டு அசையாது. கிடைப்பது நிறமே இல்லாத சில மில்லிலிட்டர் திரவம். கறந்து முடித்த நொடியே மடி மறுபடி ஊற ஆரம்பித்துவிடும். இரண்டு மணி நேரத்தில் 70 சதவீதம், நாலு மணி நேரத்தில் 90 சதவீதம் நிறைந்துவிடும். ஆக, காலையில் ஒரு கறவை, மதியம் ஒரு கறவை! ஏறத்தாழ ஒரு வருடம் இப்படிக் கறந்தபின் மாடு வற்றிவிடும். புது மாடு வந்து இறங்கும்.

எனக்குப் புல்லரித்த சங்கதி இனிமேல்தான். 1871-இல் மெண்டலீவ் தன் தனிம அட்டவணையில், யாருமே அதுவரை பார்த்திராத சில தனிமங்களுக்குக் கட்டத்தைக் காலியாக விட்டு, அவற்றின் குணங்களை மட்டும் முன்கூட்டியே எழுதி வைத்தார். அதில் ஒன்று 1875-இல் பிரான்சில் லெகோக் டி புவாபோத்ரான் கையில் சிக்கியது. அதுதான் கேலியம். இன்னொன்று 1886-இல் ஜெர்மனியில் கிளமென்ஸ் விங்க்ளரிடம் சிக்கியது. அது ஜெர்மேனியம். மெண்டலீவ் ஊகித்த இரண்டு தனிமங்களும் இப்போது இந்த ஈயப் பெட்டிக்குள் தாயும் சேயுமாகக் குடித்தனம் நடத்துகின்றன!

இதைவிட வேடிக்கை, அந்தத் தாய் பிறந்த கதை. சைக்ளோட்ரானில் கேலியத்தின் மேல் புரோட்டான்களை மோதவிட்டுத்தான் ஜெர்மேனியம்-68-ஐ உண்டாக்குகிறார்கள். கேலியம் ஜெர்மேனியமாகி, ஜெர்மேனியம் திரும்பக் கேலியமாகி, அந்தக் கேலியம் கடைசியில் துத்தநாகமாகிச் சாதுவாக அடங்குகிறது.

கேலியம்-68-இன் அரை ஆயுள் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 68 நிமிடம். எண் பொருந்திப்போனது தற்செயல்தான். ஆனால் அந்த எண்தான் இந்தத் துறையையே ஆட்டிவைக்கிறது. கறந்த 68 நிமிடத்தில் பாதி போச்சு. இரண்டேகால் மணி நேரத்தில் முக்கால்வாசி போச்சு. பூட்டி வைத்தாலும் போகும், ஃப்ரிட்ஜில் வைத்தாலும் போகும். கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. நாமும் ஓடுவோம்!

95 டிகிரியில் சில நிமிடம்

கேலியத்தை அப்படியே ஊசியில் ஏற்றினால் அது உடம்பில் எங்கெங்கோ சுற்றும். கட்டியிடம் கூட்டிப்போக ஒரு துணை வேண்டும். அந்தத் துணையின் கதை கலிஃபோர்னியாவில், ஆட்டு மூளையில் தொடங்குகிறது!

1973-இல் சால்க் ஆய்வு நிறுவனத்தில் ரோஜர் கியமாவின் குழு, வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கத் தூண்டும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தது. லட்சக்கணக்கான ஆடுகளின் ஹைப்போதலாமஸ் துணுக்குகளை அரைத்து, வடித்துப் பார்த்ததில் கிடைத்தது நேர் எதிரானது. அந்த ஹார்மோனை அடக்கிவைக்கும் பொருள்! 14 அமினோ அமிலங்கள் கொண்ட அதற்கு சொமாட்டோஸ்டாட்டின் என்று பெயர் வைத்தார்கள். 1977-இல் கியமாவுக்கு, ஆண்ட்ரூ ஷாலி, ரோசலின் யாலோ ஆகியோருடன் நோபல் பரிசும் வந்தது.

நியூரோ எண்டோகிரைன் செல்களுக்கு இந்தச் சொமாட்டோஸ்டாட்டின் மேல் அப்படியொரு ஈர்ப்பு. அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளைத் தங்கள் மேற்பரப்பில் மண்டிக் கிடக்கும்படி வைத்திருக்கின்றன. ஐந்து வகை ஏற்பிகளில் இரண்டாம் வகைக்குத்தான் இந்தக் கட்டிகளில் மவுசு. 'அப்படியானால் சொமாட்டோஸ்டாட்டினையே ஊசியில் ஏற்றிவிடலாமே' என்றால், ரத்தத்தில் அது சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் சாண்டோஸ் கம்பெனி வேதியியலாளர்கள் அதை 8 அமினோ அமிலங்களாகச் சுருக்கி, எளிதில் சிதையாத ஆக்ட்ரியோடைடை உண்டாக்கினார்கள். அதில் இங்கே ஒரு மாற்றம், அங்கே ஒரு மாற்றம் செய்து, உலோக அணுவைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் டோட்டா என்ற வளைய மூலக்கூறையும் ஒரு முனையில் மாட்டினால், அதுதான் டோட்டாடேட்!

இப்போது கேலியமும் டோட்டாடேட்டும் சேர வேண்டும். ஈயச் சுவர் போட்ட பெட்டிக்குள் சின்ன இயந்திரம் ஒன்று வால்வுகளைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. குப்பிக்குள் சில பத்து மைக்ரோகிராம் டோட்டாடேட் தயார். அதன்மேல் கேலியம் இறங்குகிறது. 95 டிகிரி செல்சியஸில் சில நிமிடம். அமிலத்தன்மை மிகச் சரியாக இருக்க வேண்டும். ரொம்பக் கூடினால் கேலியம் வளையத்துக்குள் நுழையாது. ரொம்பக் குறைந்தால் கூழ்மமாகத் திரண்டுவிடும். அது உடம்புக்குள் போனால் கல்லீரலில் போய் உட்கார்ந்துகொண்டு படத்தையே கெடுத்துவிடும். அதனால் கடைசியில் ஒரு சுத்திகரிப்புக் குழாய், அதன்பின் 0.22 மைக்ரான் வடிகட்டி. பாக்டீரியா நுழைய முடியாத அளவு நுண்ணிய துளைகள் அதில் உண்டு.

அது சரி, இத்தனை ஆர்ப்பாட்டமும் எவ்வளவு கேலியத்துக்காக? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நோயாளிக்கு 4 மில்லிக்யூரி கதிரியக்கம் என்று வைத்துக்கொண்டால், அதில் இருக்கும் கேலியம்-68-இன் எடை ஒரு கிராமில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு! எந்தத் தராசிலும் நிற்காத இந்தத் துளிக்காகத்தான் இத்தனை பேர் வியர்க்கிறார்கள்.

நீல ரத்தம் சாட்சி சொல்லும்

மருந்து ரெடி. ஆனால் ஊசி போட முடியாது! தரச் சோதனை பாக்கி. மெல்லிய தாள் பட்டையில் ஒரு சொட்டு வைத்து, கேலியம் எவ்வளவு கட்டுண்டது, எவ்வளவு தனியாகத் திரிகிறது என்று பார்க்கிறார்கள். வடிகட்டி கிழியவில்லையே என்று, அதைக் காற்றழுத்தம் கொடுத்துச் சோதிக்கிறார்கள். காய்ச்சல் உண்டாக்கும் பாக்டீரியா நச்சு இருக்கிறதா என்று பார்க்க மூன்றாவது சோதனை. அதற்கு வழக்கமாகப் பயன்படுவது குதிரைலாட நண்டின் நீல ரத்தத்திலிருந்து எடுத்த பொருள்! கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கடலில் ஊர்ந்துகொண்டிருக்கும் ஒரு ஜீவன், இந்தப் பாதாள அறையில் வந்து சாட்சி சொல்கிறது.

எல்லாவற்றையும்விட ரசமானது கிருமியில்லாச் சோதனை. மருந்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க 14 நாள் காத்திருக்க வேண்டும். மருந்தின் ஆயுளோ சில மணி நேரம். ஆகவே, சோதனை முடிவு வரும்போது அந்த மருந்தை ஏற்றிக்கொண்டவர் வீட்டுக்குப் போய், ரிப்போர்ட்டும் வாங்கி, டாக்டரையும் பார்த்து முடித்திருப்பார்! அதனால்தான் வடிகட்டியையும் அறையின் சுத்தத்தையும் இவர்கள் உயிராய்ப் பார்க்கிறார்கள். பின்னால் வரப்போகும் சான்றிதழுக்கு முன்னாலேயே தகுதியோடு இருந்தாக வேண்டுமே!

"சார், எங்கே இருக்கீங்க?"

இப்போது வெளியே வாங்க. வரவேற்பு மேஜையில் போன் ஓயவில்லை. "சார், எங்கே இருக்கீங்க? சிக்னல்லயா? எவ்வளவு நேரமாகும்?" நோயாளி அரை மணி நேரம் தாமதமானால், அவருக்காகக் கறந்ததில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஆவி. ஒரு கறவையை இரண்டு மூன்று பேருக்குப் பங்கிட வேண்டியிருந்தால், யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்பது கல்யாணப் பந்தியைவிடச் சிக்கலான கணக்கு. மாதாமாதம் ஆக்ட்ரியோடைட் ஊசி போட்டுக்கொள்பவர் என்றால், அடுத்த ஊசிக்குச் சற்று முன்பாக ஸ்கேன் விழும்படி நாள் குறிப்பது வழக்கம். இல்லையென்றால் ஏற்பிகளில் அந்த மருந்து முன்னாலேயே இடம் பிடித்துவிடக்கூடும்.

இங்கே வந்து உட்காருகிறவர்களில் பலர் சுற்றி வளைத்து வந்தவர்கள். முகம் திடீர் திடீரென்று சிவக்கும், வயிற்றுப்போக்கு நிற்காது. குடல் எரிச்சல் நோய் என்றோ, மாதவிடாய் நிற்கும் பருவம் என்றோ சொல்லி வருடக்கணக்கில் மருந்து சாப்பிட்டவர்கள் உண்டு. 1907-இல் மியூனிக்கைச் சேர்ந்த நோய்க்குறியியல் அறிஞர் சீக்ஃபிரீட் ஓபர்ன்டார்ஃபர் சிறுகுடலில் வரும் இந்தக் கட்டிகளைத் தனியாக அடையாளம் கண்டபோது, பெரிய கெடுதல் செய்யாதவை என்றே நினைத்தார். இவை புற்றாகப் பரவவும் கூடும் என்று 1929-இல் அவரே திருத்தி எழுதினார். நம் காலத்தில் ஸ்டீவ் ஜாப்ஸின் கணையத்தில் வந்தது இந்த வகைதான். நடிகர் இர்ஃபான் கான் 2018 மார்ச்சில் தன் நோயின் பெயரை வெளியே சொன்னபோது, பெயரில் 'நியூரோ' இருப்பதால் இதை மூளை நோய் என்று எண்ண வேண்டாம் என்று சேர்த்தே சொல்ல வேண்டியிருந்தது. குடல், கணையம், நுரையீரல் என்று ஹார்மோன் சுரக்கும் செல்கள் எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் இது வரலாம்.

ஊசி போட்டாயிற்று. இனி ஏறத்தாழ ஒரு மணி நேரம் சாய்வு நாற்காலியில் ஓய்வு. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். ஒட்டாமல் மிச்சமிருக்கும் மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறிவிடும். இந்த ஒரு மணி நேரமே பெரிய பாக்கியம் என்பார்கள் பழைய ஆட்கள். ராட்டர்டாமில் எரிக் க்ரென்னிங், ஸ்டீவன் லாம்பர்ட்ஸ் குழுவினர் 1989-இல் கதிரியக்க அயோடினை வைத்து இந்த ஏற்பி ஸ்கேனைத் தொடங்கி, பிறகு இண்டியம்-111-க்கு மாறினார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்கு 1994-இல் அனுமதி தந்தது. அந்த ஸ்கேனுக்கு இன்று ஊசி, நாளைக்கு மறுபடி வா என்பதுதான் நடைமுறை. கேலியம் டோட்டாடேட்டுக்கு எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது 2016-இல்.

நொடியை நூறு கோடியாக நறுக்கி

நோயாளி பெட் ஸ்கேன் மெஷினுக்குள் படுத்துவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. உள்ளேயோ திருவிழா! ஒவ்வொரு கேலியம் அணுவும் சிதையும்போது பெரும்பாலும் ஒரு பாசிட்ரானை வெளியே தள்ளும். எலக்ட்ரானின் எதிர்ப்பொருள் அது. ஆமாம், அறிவியல் புனைகதையில் வருகிற அதே எதிர்ப்பொருள், நம் வயிற்றுக்குள்! சில மில்லிமீட்டர் போவதற்குள் ஒரு எலக்ட்ரானைச் சந்திக்கும். இரண்டும் அழியும். அவற்றின் இடத்தில் 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடன் இரண்டு ஃபோட்டான்கள் நேர் எதிர்த் திசைகளில் பாயும்.

உடம்பைச் சுற்றி வளையமாக ஆயிரக்கணக்கான படிகங்கள் காத்திருக்கின்றன. எதிரெதிரே இரண்டு படிகங்கள் ஒரே சமயத்தில் மின்னினால், பாசிட்ரான் அழிந்த இடம் அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டில் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். இப்படி லட்சக்கணக்கான கோடுகள் சேர்ந்துதான் படம். புது மெஷின்கள் இன்னும் ஒரு படி மேலே போய், எந்த ஃபோட்டான் முதலில் வந்தது என்றும் பார்க்கின்றன. ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஒளி 30 செ.மீ. ஓடிவிடும். அந்த நேரத்தையும் பல துண்டாக நறுக்கி அளந்து, கோட்டில் எந்தப் பக்கம் என்று சொல்கின்றன. அதே படுக்கையில் சி.டி. ஸ்கேனும் எடுத்து, இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மின்னும் புள்ளி குடலிலா, எலும்பிலா என்பது தெரிந்துவிடும். மொத்தமே ஏறத்தாழ இருபது நிமிடம்.

இருட்டறைத் துப்பறிவாளர்கள்

கடைசி நிறுத்தம், ரிப்போர்ட்டிங் ரூம். விளக்கை அணைத்துவிட்டு இரண்டு மூன்று திரைகளுக்கு முன்னால் டாக்டர்கள். திரையில் ஒரு மனித உருவம் மெல்லச் சுழல்கிறது. மருந்து எங்கே சேர்ந்ததோ அங்கே கறுப்பு.

முதன்முதலாகப் பார்க்கிறவர் அலறிவிடுவார். இடது பக்கம் விலா எலும்புக்கடியில் கன்னங்கரேலென்று ஒரு பெரிய கட்டி! "அது மண்ணீரல், பயப்படாதீங்க" என்று சிரிப்பார்கள். மண்ணீரல், சிறுநீரகங்கள், அட்ரினல், பிட்யூட்டரி, கல்லீரல் எல்லாமே இந்த மருந்தை இயல்பாகவே உறிஞ்சும். கணையத்தின் தலைப்பகுதியில் கொக்கி மாதிரி வளைந்திருக்கும் ஒரு பகுதியும் நல்ல உடம்பிலேயே மின்னி, புதிதாகப் படிக்கிறவர்களை ஏமாற்றும்.

அதைவிடப் பெரிய ஏமாற்றுக்காரர் குட்டி மண்ணீரல். சிலருக்குப் பிறவியிலேயே மண்ணீரல் துணுக்கு ஒன்று கணைய வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். படத்தில் பார்த்தால் அச்சு அசல் கணையக் கட்டி! என்றைக்கோ விபத்தில் மண்ணீரல் கிழிந்து, அதை எடுத்துவிட்டவர்களுக்கு அதன் துகள்கள் வயிறெங்கும் சிதறி, வேர்விட்டு வளர்ந்திருக்கும். படத்தில் பார்த்தால் புற்றுநோய் பரவின மாதிரியே இருக்கும். சந்தேகம் வந்தால் என்ன செய்வது? நோயாளியின் சிவப்பணுக்களைக் கொஞ்சம் எடுத்து, சூடாக்கிப் பழுதாக்கி, டெக்னீஷியம்-99எம் சேர்த்துத் திரும்ப ஏற்றுவார்கள். பழுதான சிவப்பணுவைப் பிடித்து வைப்பது மண்ணீரலின் வேலை. புள்ளி அதிலும் மின்னினால் அது மண்ணீரல்தான். வீண் அறுவை சிகிச்சை ஒன்று தப்பியது!

அசல் வேட்டையும் உண்டு. கல்லீரலில் பரவியது தெரியும், கிளம்பிய இடம் தெரியாது என்று அனுப்புவார்கள். சி.டி.யில் சிக்காத ஒரு சிறு முடிச்சு சிறுகுடலின் மடிப்பில் கறுப்பாக எட்டிப் பார்க்கும்போது அந்த இருட்டறையில் எழும் உற்சாகத்தைக் கேட்க வேண்டுமே!

புள்ளி எவ்வளவு கறுப்பு என்பதற்கு ராட்டர்டாம்காரர் பெயரிலேயே க்ரென்னிங் மதிப்பெண் உண்டு. 0 என்றால் ஒன்றுமே சேரவில்லை; 2 என்றால் கிட்டத்தட்ட கல்லீரல் அளவு; 3 என்றால் அதைவிட அதிகம்; 4 என்றால் மண்ணீரலையும் மிஞ்சியது. பள்ளிக்கூடத்தில் மாதிரி இங்கேயும் முழு மதிப்பெண்ணான 4 வாங்கினால் டாக்டர் முகம் மலர்கிறது. புற்றுநோய்க் கட்டி பளிச்சென்று தெரிந்தால் எதற்கு மலர்ச்சி?

புள்ளி பளிச்சென்றால் கதவு திறக்கும்

காரணம் இதுதான். டோட்டாடேட்டின் வளையத்திலிருந்து கேலியத்தை நீக்கிவிட்டு லுடீஷியம்-177-ஐ மாட்டினால், படமெடுக்கும் மருந்தே சிகிச்சை மருந்தாகிவிடும்! அதே ஏற்பி, அதே பாதை. லுடீஷியத்தின் அரை ஆயுள் 6.6 நாள். அது விடும் பீட்டா துகள்கள் ஓரிரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுவதால் கட்டியைத் தாக்கும் அளவுக்கு அக்கம்பக்கத்தைத் தாக்காது. கூடவே கொஞ்சம் காமா கதிரும் விடும். அதை வைத்துச் சிகிச்சை மருந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்று படமும் பிடித்துக்கொள்ளலாம். இந்தியாவில் இந்த லுடீஷியம் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துருவா உலையில் உருவாகிறது.

சிறுகுடல் சார்ந்த கட்டிகளில் இதைச் சோதித்த நெட்டர்-1 ஆய்வு 2017-இல் வெளியானது. 20 மாத முடிவில் நோய் முற்றாமல் உயிரோடு இருந்தவர்களின் விகிதம் லுடீஷியம் பெற்றவர்களிடம் 65 சதவீதம். அதிக அளவு ஆக்ட்ரியோடைட் மட்டும் பெற்றவர்களிடம் 11 சதவீதம். எட்டு வாரத்துக்கு ஒரு முறையாக நாலு தவணை. சிறுநீரகத்தைக் காக்க லைசின், ஆர்ஜினின் கலந்த சொட்டு மருந்து கூடவே ஓடும்.

இந்த மருந்து ஒட்டுவதற்கு ஏற்பி வேண்டும். ஏற்பி இருக்கிறதா என்று முன்கூட்டியே சொல்வது கேலியம் படம். கட்டியின் வேகம் கூடக் கூட, அதாவது கேஐ-67 என்ற எண் ஏற ஏற, செல்கள் ஏற்பிகளை இழக்கத் தொடங்கும். அப்போது டோட்டாடேட் படம் வெளுத்துப்போகும். சர்க்கரையை வைத்து எடுக்கும் எஃப்.டி.ஜி. பெட் படத்தில் அதே இடம் கொழுந்துவிடும். இருட்டறைக்காரர்கள் முகம் சுண்டுவது அந்த மாதிரிப் படங்களைப் பார்த்துத்தான்.

ஆகவே, உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட்டில் 'க்ரென்னிங் 4' என்று அச்சாகியிருந்தால், அதைக் கடைசி மணி என்று எண்ணிக் கலங்க வேண்டாம். கட்டி தன் விலாசத்தைத் தானே எழுதிக் கொடுத்திருக்கிறது என்று பொருள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வியும் தயாராக இருக்கிறது. "டாக்டர், எங்களுக்கு லுடீஷியம் பொருந்துமா?"